சுவரை ஒட்டிய ஒரே அயலார்

“ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே?” என்றாள் தெமியானா.

“கேக்கறேன். நோன்பு முடியட்டும்.”

“எந்த நோன்பு?”

“இப்போ நடக்குதே, இதுதான்.”

“இது முடிஞ்சு கொஞ்ச நாள்ல அடுத்தது வந்துடுமே.”

“அந்தக் கொஞ்ச நாள்ல கேட்டுடறேன்.”

“மறந்துட மாட்டீங்களே?”

“மறக்கற விஷயமா, டீச்சர்?”

“சரி. மிஷின் எப்போ ரெடியாகும்?”

“அதுவும் நோன்பு முடிஞ்சதும்.”

இந்தப் பேச்சு நடந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. நான் தையல் மிஷின் பழுது பார்ப்பவன். தெமியானா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்றைக்கு அவள் தன் அம்மாவின் மிஷினைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு கோளாறும் இல்லை. அதற்குப் பிறகும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை கொண்டுவந்தாள். அப்போதும் ஒரு கோளாறும் இல்லை. நான் அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டிக் கொடுத்தேன். மின்யா நகரத்தில் அதைவிட நன்றாக ஓடும் மிஷின் கிடையாது.

நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: என்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்பது. நோன்பு நாட்களில் கல்யாணம் நடத்துவதில்லை என்பது எங்கள் சபையின் வழக்கம். கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என்னுடைய சொந்த வழக்கம். பயந்தவர்கள் இப்படிச் சில வழக்கங்களை வைத்துக்கொள்வார்கள். கோப்டிக் சபையில் பிறந்தவனுக்குப் பயப்படுவதற்கு வசதி அதிகம். பெரிய நோன்பு ஐம்பத்தைந்து நாள். கிறிஸ்து பிறப்பு நோன்பு நாற்பத்து மூன்று நாள். அப்போஸ்தலர் நோன்பு, மாதா நோன்பு, யோனா நோன்பு. இவை போக வாரந்தோறும் புதனும் வெள்ளியும். இவற்றுக்கு நடுவே ஒருவன் தைரியத்தை வரவழைத்துக்கொள்வதற்குள் அடுத்த நோன்பு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஜூன் மாதம் மிஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்போது தெமியானா சொன்னாள்: “கனடாவுல இருக்கற அண்ணன் போட்ட பேப்பரெல்லாம் வந்துடுச்சு. அம்மாவும் நானும் போறோம். ஆகஸ்ட் இருபது டிக்கெட்.”

“திரும்பி?”

“திரும்பி வர்றதுக்கு யாரும் டிக்கெட் போடல.”

நான் மிஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். “மிஷின்?” என்றேன்.

“மிஷின் வராது,” என்றாள்.

அன்று இரவு நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். ஜூலை பன்னிரண்டு அப்போஸ்தலர் நோன்பு முடிகிறது. ஆகஸ்ட் ஏழு மாதா நோன்பு தொடங்குகிறது. நடுவில் இருபத்தைந்து நாள். புதன் வெள்ளி போகப் பதினெட்டு. ஒரு வாக்கியம் பேசப் பதினெட்டு நாள் தாராளம் என்று நினைத்தேன்.

ஜூலை பதிமூன்று காலையில், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நான் வீட்டின் கீழே இருக்கும் என் கடையை விட்டு இறங்கியபோது, இன்ஜினியர் ஃபிக்ரி என் வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

ஃபிக்ரி பாசனத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தேவாலயத்தில் சேர்ந்துகொண்டார். அதாவது, ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தார். அன்றிலிருந்து அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு மேஜை, ஒரு முத்திரை, பதினோரு கோப்புகள். குருவானவர் அபூனா அதானாசி சாதுவான மனிதர். தேவாலயத்துக்குக் குடிநீர் இணைப்பு வாங்கித் தந்தவர் ஃபிக்ரி என்பதால், அவர் எதைச் சொன்னாலும் அபூனா தாடியைத் தடவிக்கொண்டு தலையசைத்துவிடுவார்.

“என்ன சார், சுவர் இடிஞ்சுடுமா?” என்றேன்.

“வாழ்த்துகள்,” என்றார் ஃபிக்ரி, டேப்பைச் சுருட்டியபடி. “நீங்கதான்.”

“நான்தான் என்ன?”

“அயலார்.”

ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒவ்வொரு தேவாலயமும் தன் அயலாரை ஏழு வழிகளில் அணுக வேண்டும். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆயரே நேரில் வந்து அயலாரைப் பார்ப்பார். ஆனால் அயலார் என்றால் யார் என்று சுற்றறிக்கையில் இல்லை. ஃபிக்ரி தலைமையில் குழு மூன்று நாள் கூடிப் பேசி ஒரு வரையறை செய்தது: எவருடைய சுவர் தேவாலயத்தின் சுவரைத் தொடுகிறதோ அவரே அயலார். அதன்படி அளந்து பார்த்தார்கள். மேற்கே கால்வாய். தெற்கே பெண்கள் பள்ளி. அது அரசாங்கம், அரசாங்கம் யாருக்கும் அயலார் ஆகாது. வடக்கே தெரு. கிழக்கே என் வீடு.

“சார், நான் இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் வாங்கினேன். நாப்பத்தாறு வருஷமா வந்துட்டிருக்கேன்.”

“அது விசுவாசிகள் பதிவேடு. இது அயலார் பதிவேடு. ஒரே ஆள் ரெண்டு பதிவேட்டுல இருக்க முடியாது. ஒரே நிலத்துக்கு ரெண்டு வாய்க்கால்ல தண்ணி விடுவோமா?”

“அப்போ என்னை அயலார்லேருந்து எடுத்துடுங்க.”

“உங்களை எடுத்தா எங்களுக்கு அயலாரே இல்ல. அதனால விசுவாசிகள்லேருந்து எடுத்துட்டோம். அங்கே முன்னூத்துப் பத்துப் பேர் இருக்காங்க, சமாளிச்சுக்குவாங்க.”

எதிர்ச் சாரியில் ஹாஜி சய்யித் தன் அவரைப் பருப்புக் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் தேவாலயக் கூரையில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தபோது, முதல் வாளித் தண்ணீரோடு ஓடியவர் அவர்தான். கரண்டியோடு தெருவைக் கடந்து வந்தார்.

“இன்ஜினியரே, நானும் அயலார்தானே? என் பேரையும் எழுதுங்க. இந்தப் பையனுக்குத் துணையா இருக்கட்டும்.”

ஃபிக்ரி டேப்பை மறுபடி விரித்தார். ஒரு முனையை ஹாஜியின் கையில் கொடுத்தார். “ஏழு மீட்டர் நாப்பது,” என்றார். “மன்னிக்கணும் ஹாஜி. நீங்க எதிர்ப்பக்கம்.”

ஹாஜி என்னைப் பார்த்துச் சிரித்தார். “பொறந்ததுலேருந்து உள்ளேயே கிடக்கறவன் அயலான். தீயை அணைச்சவன் எதிர்ப்பக்கம். நல்லா இருங்கடா,” என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கிண்டப் போனார்.

முதல் வழி, வீடு சந்திப்பு. எங்கள் சபை ஊழியர்கள் எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் வீடு சந்திப்பார்கள். அன்று மாலையே ஃபிக்ரி வந்தார். பின்னால் கோப்பை அணைத்துக்கொண்டு தெமியானா. குழுவின் செயலாளர் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அன்புள்ள அயலாரே, உள்ளே வரலாமா?” என்றார் ஃபிக்ரி, உள்ளே நின்றுகொண்டு. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

மூன்று டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். ஃபிக்ரி கையை உயர்த்தினார். “விதி ஒன்பது. ஊழியர்கள் அயலாரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. வாங்கினா அது அன்பு இல்ல, வியாபாரம். தாசோனி, கேள்விகளைப் படிங்க.”

தாசோனி என்றால் சகோதரி. ஊழியம் செய்யும் பெண்களை அப்படித்தான் அழைப்போம். தெமியானா என்னைப் பார்க்காமல் படித்தாள்.

“எங்கள் தேவாலயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?”

“ஆமா.”

“யார் மூலமாக?”

“எங்கம்மா மூலமா.”

தெமியானா தாளைப் புரட்டினாள். “நண்பர், பத்திரிகை, வழிப்போக்கர். மூணுதான் இருக்கு.”

ஃபிக்ரி யோசித்தார். “அம்மாவை வழிப்போக்கர்ல போடுங்க.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு மூன்று டீயையும் நானே குடித்தேன்.

இரண்டாம் வழி, வரவேற்பு. எங்கள் ஊரில் வார விடுமுறையான வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போனேன். நான் எப்போதும் உட்காரும் நான்காவது வரிசையில் என் பெயரைக் காணோம். பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லைதான், ஆனாலும் இருந்த மாதிரி ஒரு நினைப்பு. வாசலில் நிற்கும் அய்யாத் மாமா என் சின்ன வயதில் கோயிலுக்குள் ஓடியதற்காக என் காதைத் திருகியவர். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தார்.

“வருக. முதல் முறையாக வருகிறீர்களா?”

“மாமா, நான் லபீப்.”

“தெரியும்டா,” என்றார் மெதுவாக. பிறகு அட்டையைப் பார்த்து, “உங்களுக்காக முன்வரிசையில் தனி இருக்கை காத்திருக்கிறது,” என்றார்.

அது சிவப்புத் துணி போட்ட ஒற்றை நாற்காலி. சபை முழுவதும் என் முதுகைப் பார்த்தது. ஆராதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் குனிந்து, “இப்போ எழுந்து நிக்கணும்,” “இப்போ உக்காரலாம்,” என்று என் காதில் சொன்னார். ஆராதனையில் மட்டுமே புழங்கும் கோப்டிக் மொழியில் பாட்டு வந்தபோது நானும் பாடினேன். பக்கத்தில் இருந்தவர் ஆச்சரியப்பட்டு, “எவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டார்!” என்றார். அது அறிக்கையில் சேர்க்கப்பட்டது.

மூன்றாம் வழி, பாடல். காலை ஆறு மணிக்கு என் ஜன்னலுக்குக் கீழே பதினாறு பேர் நின்று அயலாரை விழித்தெழச் சொல்லிப் பாடினார்கள். நான் எழுந்து ஜன்னலைத் திறந்தால் பாட்டு பலித்துவிட்டது என்று மறுநாளும் வந்தார்கள். திறக்காவிட்டால் பலிக்கவில்லை என்று மறுநாளும் வந்தார்கள்.

நான்காம் வழி, விளையாட்டு. தேவாலய முற்றத்தில் நட்புக் கால்பந்துப் போட்டி. தேவாலய அணி பதினோரு பேர். அயலார் அணி நான். முதல் இரண்டு நிமிடத்தில் அவர்கள் நான்கு கோல் போட்டுவிட்டார்கள். அப்புறம் ஃபிக்ரி விசில் ஊதி, நட்பு ஆட்டம் சமநிலையில்தான் முடிய வேண்டும் என்று விதியைப் படித்துக் காட்டினார். எனவே நான் நான்கு கோல் போடும் வரை ஆட்டம் நீடித்தது. கோல் காப்பவன் எதிர்ப்பக்கமாகப் பாய்வதற்குத் தயாராக இருந்தான். என் பந்துதான் அவனிடம் போய்ச் சேரவில்லை. கடைசிக் கோலை மாலைப் பிரார்த்தனை மணி அடித்த பிறகு போட்டேன். சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள். தெமியானா எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கோலை எழுதினாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று மூச்சு வாங்கியபடி போனேன். இரண்டு பேர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

பதினெட்டு நாளில் ஏழு போய்விட்டது.

ஐந்தாம் வழிதான் என்னைச் சாய்த்தது. தாய்மார் சங்கம் தினமும் எனக்கு உணவு அனுப்பியது. திராட்சை இலையில் சுற்றிய சோறு, பொரித்த கத்தரிக்காய், பால் சோறு, புறா வறுவல். எல்லாம் நல்ல பீங்கான் தட்டுகளில் வந்தன. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து தட்டு வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். முஸ்லிம் வீடோ கிறிஸ்தவ வீடோ, இதில் வித்தியாசம் கிடையாது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பேரீச்சம் பழமாவது வைத்துக் கொடுப்பார்கள். வெறும் தட்டைக் கொடுப்பது உன் உறவு போதும் என்று சொல்வதற்குச் சமம்.

முதல் தட்டில் பேரீச்சம் பழம் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன். அய்யாத் மாமா அட்டையைப் பார்த்தார். “விதி ஒன்பது,” என்றார். “பழத்தை எடுத்துட்டுத் தட்டை மட்டும் குடு.”

“வெறும் தட்டையா? தாய்மார் சங்கத்துக்கா? என்னை என்ன நினைப்பாங்க?”

“அதுவும் சரிதான்,” என்றார் மாமா. “வெறும் தட்டை வாங்கினா, சங்கத்துல இருக்கற என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. நீயே வெச்சுக்கோ.”

இப்படியாகத் தட்டுகள் வந்தன, போகவில்லை. ஒரு வாரத்தில் இருபத்தைந்து. கடையின் மேஜை, அலமாரி, பழைய மிஷின்கள், மாடிப்படி எல்லாவற்றிலும் தட்டுகள். துணி தைக்கும் ஸனிய்யா அம்மாள் தன் மிஷினை வாங்க வந்து, உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலோடு திரும்பிப் போனாள். குழு கூடியது. அயலார் தட்டுகளைத் திருப்பித் தருவதில்லை, அவருடைய இதயம் இன்னும் மூடியிருக்கிறது, அணுகுமுறையைத் தீவிரப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் உணவு வந்தது. தாய்மார் சங்கத்தில் தட்டு தீர்ந்துபோய்ச் செவ்வாய்ச் சந்தையில் புதிதாக வாங்கினார்கள்.

“தம்பி, நீ கடையைப் பாத்திரக் கடையா மாத்திட்டியா?” என்றார் ஹாஜி சய்யித், வாசலில் நின்று. “எனக்கு ஒரு டஜன் குடு. இல்ல, நான் எதிர்ப்பக்கம், வாங்கலாமான்னு இன்ஜினியரைக் கேட்டுச் சொல்லு.”

“ஹாஜி, சிரிக்காதீங்க. ஆகஸ்ட் இருபது அவ போறா.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். தெமியானாவைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. “தெரியும்,” என்றார். “நான் ஒன்பது வருஷமா இந்தக் கடை வாசல்ல நின்னுதான் பருப்புக் கிண்டறேன். ஒரு பொண்ணு பதினாலு கிலோ இரும்பைத் தூக்கிட்டு வருதுன்னா அது எண்ணெய் போடவா வருது? வாயைத் திறடா.”

“திறக்க விடமாட்டேங்கறாங்களே. எப்பவும் ரெண்டு பேராதான் வர்றா.”

“அப்போ அவ வீட்டுக்குப் போ.”

போனேன். தெமியானாவின் அம்மா கதவைப் பாதி திறந்து, வருத்தத்தோடு சொன்னாள்: “உள்ளே கூப்பிட முடியலப்பா. விதி பதினாலாம். ஊழிய காலத்துல ஊழியர் வீட்டுக்கு அயலார் வரக் கூடாதாம். மிஷினைக்கூட உன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னுட்டார் இன்ஜினியர். சலுகை ஆயிடுமாம்.” உள்ளே பெட்டிகள் பாதி கட்டியபடி கிடந்தன. கதவு சாத்தும் முன் சுவரோரம் மிஷினைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டிருந்தார்கள்.

அடுத்த வீடு சந்திப்பில், ஆறாம் வழியாக எனக்குத் தரப்பட்ட பன்னிரண்டு மல்லிகைத் தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளக்க ஃபிக்ரி வாசலுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் சென்டிமீட்டர்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்தக் குழுவுல நான் ஏன் சேர்ந்தேன்னு நினைக்கறீங்க?” என்றாள் தெமியானா, தாளைப் பார்த்தபடி.

“உங்க கையெழுத்து நல்லாருக்கும்னு...”

“நாலு மாடி அந்த மிஷினை இறக்கி ஏத்தி எனக்கு முதுகு போச்சு. இதுல சேர்ந்தா வெறுங்கையோட இங்க வரலாம்னு நினைச்சேன். ரெண்டு பேராதான் வரணும்னு அப்புறந்தான் சொன்னாங்க.”

“டீச்சர், நான்...”

“நாப்பத்திரண்டு!” என்றபடி ஃபிக்ரி உள்ளே வந்தார். “மிகச் சரி. அடுத்த கேள்விக்குப் போகலாம்.”

மறுநாள் நான் அபூனா அதானாசியிடம் போனேன். எங்கள் சபையில் கல்யாணம் செய்ய வேண்டுமானால், இவன் நம் மந்தையைச் சேர்ந்தவன், தடையில்லாதவன் என்று குருவானவர் கடிதம் தர வேண்டும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டால் கேள்வி தானாக வாயிலிருந்து வந்துவிடும் என்று நினைத்தேன்.

“உனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்?” என்றார் அபூனா. “ஞானஸ்நானம் குடுக்கும்போது என் விரலைக் கடிச்சவனாச்சே நீ. தழும்பு இன்னும் இருக்கு பார்.”

“அப்போ எழுதுங்க அபூனா.”

“எழுதிடறேன். முத்திரை இன்ஜினியர்கிட்ட இருக்கு.” தாடியைத் தடவினார். “அவர் மனசு நோகாம கேளு. தண்ணி மோட்டார் வேற ரிப்பேர், அவர்தான் ஆள் அனுப்பணும்.”

ஃபிக்ரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். பக்கத்து மேஜையில் தெமியானா அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணக் கடிதமா?” என்றார் ஃபிக்ரி. தெமியானாவின் பேனா நின்றது. “அயலாருக்கு அது குடுக்கறதில்லையே. நீங்க முதல்ல விசுவாசி ஆகணும். புதுசா சேர்றவங்களுக்கு வகுப்பு நாப்பது வாரம்.”

“நாப்பது வாரமா!”

“அதுவும் உடனே சேர முடியாது. நீங்க விசுவாசி ஆயிட்டா ஆயர் வரும்போது அயலாருக்கு நான் எங்கே போவேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு குழுவோட உழைப்பை அழிக்கலாமா?” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் கனிந்தது. “நான் முப்பத்து நாலு வருஷம் இந்த மாவட்டத்துக்குத் தண்ணி குடுத்தவன். தண்ணி வேணும்னு அழுதுட்டு வந்தவனுக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. முறை வந்தவனுக்குத்தான் குடுத்தேன். சில பேர் பயிர் காஞ்சுது, உண்மை. ஆனா பதிவேட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தப்பா போனதில்ல. அன்பும் அப்படித்தான். மதகு இல்லாம விட்டா ஊரெல்லாம் பாய்ஞ்சுடும். அப்புறம் யாருக்கு எவ்வளவு போச்சுன்னு ஆயர்கிட்ட எப்படிச் சொல்றது?”

இதைச் சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது.

“ஆமா, பொண்ணு யாரு?” என்றார் திடீரென்று.

நான் வாயைத் திறந்தேன். தெமியானா தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

“வேண்டாம், வேண்டாம்!” ஃபிக்ரி இரண்டு கைகளையும் உயர்த்தினார். “விதி பன்னிரண்டு. அயலாரோட சொந்த விஷயத்தைக் கேக்கக் கூடாது. என் தப்பு. மன்னிச்சுடுங்க.” எழுந்து வந்து என் தோளை அணைத்து, என்னைக் கதவு வரை கொண்டுவந்து விட்டார்.

வெளியே தாய்மார் சங்கத்துப் பெண் ஒரு தட்டோடு எனக்காகக் காத்திருந்தாள்.

ஊரை விட்டே ஓடிவிடலாமா என்று அன்று யோசித்தேன். ஆனால் ஏழாம் வழி என்னவென்றால், அயலாரின் பாதுகாப்பு. என் வாசலில் மாறி மாறி இரண்டு இளைஞர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே இறங்கினால் ஒருவன் குடை பிடித்தான், மற்றவன் பையை வாங்கிக்கொண்டான். தெமியானாவின் பள்ளிக்கூட வாசலுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் நாங்கள் மூன்று பேராகப் போய், கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்துவிட்டு, மூன்று பேராகத் திரும்பினோம்.

ஆகஸ்ட் ஆறு வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஆயர் வருகை. மூன்று மணிக்கே என்னை அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடைக்கு மேலே ஒரு பெரிய துணியில் என் முகம், நாலு கோல் போட்ட களைப்போடு. அதன் கீழே, “அயலாரில் நூற்றுக்கு நூறு பேர் அணுகப்பட்டனர்.” சுவரோரமாகத் தாய்மார் சங்கத்துப் பெண்கள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழு தொண்டையைக் கனைத்தது. கடைசி வரிசையில் அய்யாத் மாமாவும், யார் விட்டார்களோ, ஹாஜி சய்யித்தும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒத்திகை!” என்று ஃபிக்ரி கை தட்டினார். தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு என்னை அதற்குள் நிறுத்தினார். “அயலாரே, கவனிங்க. ஆயர் கேப்பார், ‘வேற ஏதாவது தேவை இருக்கா, மகனே?’ நீங்க சொல்லணும், ‘ஒரு தேவையும் இல்லை ஐயா, எல்லாம் நிறைவாக இருக்கிறது.’ அவ்வளவுதான். சொந்தமா எதையும் சேர்க்காதீங்க. ஆயரா உக்கார யாராவது வேணுமே...”

சுற்றிப் பார்த்தார். எல்லாருக்கும் கையில் வேலை இருந்தது. தெமியானா மட்டும் கோப்போடு நின்றிருந்தாள்.

“தாசோனி, நீங்க உக்காருங்க. பெரிய நாற்காலில இல்ல, அது பாவம். இந்தப் பிளாஸ்டிக்கை இழுத்துப் போட்டுக்கோங்க.”

அவள் உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கஜம்கூட இல்லை. அவள் அன்று நீலச் சட்டை போட்டிருந்தாள். முகம் தூங்காத முகமாக இருந்தது. பெட்டி கட்டுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு.

“வேற ஏதாவது தேவை இருக்கா, மகனே?” என்று தாளைப் பார்த்துப் படித்தாள். பெண்கள் சிரித்தார்கள்.

“ஒரு தேவையும் இல்லை ஐயா. எல்லாம் நிறைவாக இருக்கிறது,” என்றேன்.

“சத்தம் போதாது!” என்றார் ஃபிக்ரி. “பின் வரிசைக்குக் கேக்கல. மறுபடி.”

“எனக்குக் கேட்டுச்சு,” என்றார் ஹாஜி பின்னாலிருந்து. “ஆனா நம்பல.”

“எதிர்ப்பக்கத்துக்காரங்க பேசக் கூடாது! தாசோனி, மறுபடி.”

“வேற ஏதாவது தேவை இருக்கா, மகனே?” இந்த முறை அவள் தாளைப் பார்க்கவில்லை.

“ஒரு தேவையும்...” என்று ஆரம்பித்தேன். குனிந்து சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன். “...இல்லை ஐயா.”

“முகத்துல நிறைவே தெரியலையே,” என்று ஃபிக்ரி என் முன்னால் வந்து நின்று என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இருபத்தஞ்சு நாள் அன்பு செலுத்தியிருக்கோம். எங்கே போச்சு அதெல்லாம்? கொஞ்சம் சிரிங்க. கடைசியா ஒரு தடவை.”

அவர் விலகினார். தெமியானா கோப்பை மூடித் தரையில் வைத்தாள். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு நிஜமாவே தெரியணும்,” என்றாள். “ஏதாவது வேணுமா, லபீப்?”

“பேர் சொல்லக் கூடாது தாசோனி, அயலாரேன்னு...” என்றார் ஃபிக்ரி.

நாற்காலி துடைத்த கைகள் நின்றன. பாடகர் குழுவில் யாரோ கனைப்பதைப் பாதியில் விட்டார்கள். பூசணி விதை கொறிக்கும் சத்தம்கூட இல்லை. நான் சாக்கட்டி வட்டத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தேன். என் தொண்டையில் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கே தெரியாது. அது பின் வரிசையைத் தாண்டித் தெரு வரைக்கும் போயிருக்கும்.

“வேணும். கனடாவுக்குப் போகாதீங்க, தெமியானா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க.”